நான்காவது வாஷர்

எங்கள் வீட்டுக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். அதனால் கார் வெளியே கிளம்பும்போதெல்லாம் ஒருவர் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது அம்மாதான். "குடும்பத்தைப் பிரிச்சு வைக்கிறதுக்குன்னே செஞ்ச வண்டி" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க நடப்பார்.

தரையை ஒட்டி ஓடும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. அப்பாவைவிடச் சில வயதுதான் இளையது. வெளிநாட்டிலிருந்து வந்து மதுரையில் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் ஊர் திரும்பும்போது அதை விட்டுச் சென்றாராம். பிறகு மூன்று கைகள் மாறி, நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஆனையூரில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு வந்தது. சிவப்பாக இருந்த வண்ணம் வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் என்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தர இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவில் மூச்சு விடும்படி அவற்றைச் சரிசெய்வதற்காகவே அப்பா பல சனிக்கிழமைகளைச் செலவிட்டார்.

அப்பா மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, சற்றுத் தள்ளிப் பிடித்து மறு கையால் காற்றை மெல்ல மூக்கின் பக்கம் விசிறிக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் பாடம். அந்தக் கையசைவை அவர் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரவில்லை. காய்ச்சிய பாலின்மேல், வாங்கி வந்த மீனின்மேல், திறந்த பானட்டின்மேல் என்று எங்கும் அவருடைய வலது கை அப்படித்தான் அசைந்தது. கை நின்றதும் தீர்ப்பு வரும். மீனைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பை அம்மாகூட மறுத்துப் பேசியதில்லை.

காரின் டாஷ்போர்டு அறையில் எப்போதும் ஒரு துண்டு துணி சோப்பு இருக்கும். பெட்ரோல் எங்காவது கசிந்தால் அந்த இடத்தைத் துடைத்து, சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது எங்கள் பக்கத்தில் லாரிக்காரர்கள் முதல் மொபெட்காரர்கள் வரை எல்லோரும் செய்கிற காரியம். பெட்ரோலில் சோப்பு கரையாது, கசிவு நின்றுவிடும். மூக்கால் கசிவைக் கண்டுபிடிப்பதும் சோப்பால் அதை அடைப்பதுமாக அப்பா பல ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டினார்.

அவருக்கு வாசனை தெரியவில்லை என்பதை நான் ஒரு மாலையில் அறிந்தேன். கல்லூரியிலிருந்து திரும்பிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் நெடி கண்ணை எரித்தது. காருக்கு அடியில் சிமெண்டுத் தரை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. அப்பா அதற்கு நான்கடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, கொசுவத்தியைத் தாங்கியில் செருகிவிட்டு, தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

நான் போய் அவர் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினேன்.

"என்னம்மா?"

"கொசுவத்திப் புகை எனக்கு ஒத்துக்கலைப்பா. வேண்டாம்."

"என்னைக்கிலேர்ந்து ஒத்துக்கலை?"

"இப்பத்தான்."

அவர் சிரித்துவிட்டு எழுந்தார். போகும்போது வழக்கப்படி பானட்டின் மேல் கையை இரண்டு முறை விசிறினார். "சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் மணலை அள்ளிவந்து நனைந்த தரையில் போட்டேன்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"பெரிய காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பவே போச்சு. ஒருநாள் ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்துட்டேன். சாப்புட்டுட்டு, இன்னைக்குப் பெருங்காயம் தூக்கலா மணக்குதுன்னாரு."

"அப்பாகிட்ட நீங்க கேக்கலையா?"

"எதைக் கேக்கச் சொல்ற? மூக்கை வச்சு அம்புட்டு வருசம் வாத்தியாரா இருந்த மனுசன். அவரா சொல்லட்டும்னு விட்டுட்டேன்." கீரைத் தண்டை முறித்துப் போட்டார். "ஆனா பெட்ரோலுன்னு எனக்குத் தோணலைம்மா. நான் சோறு, கொழம்போட நின்னுட்டேன்."

அப்பாவிடம் நேராகச் சொல்லாமல் காரைச் சரிசெய்ய வழி தேடினேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் விற்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும், பழைய ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி உப்பி உள்ளுக்குள்ளேயே உதிர்கின்றன என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். சாப்பிடும்போது அதை ஒரு பொது விஷயம் போலச் சொன்னேன். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஹோஸ், குழாய், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்றேன். வேதியியல் என்றதும் அப்பாவுக்கு ஆர்வம் வந்தது. எத்தனால் ஏன் ரப்பருக்கு ஆகாது என்பதைக் கால் மணி நேரம் அவரே எனக்கு விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அன்று இரவு தூங்குவதற்கு முன், நான் சொன்னவற்றில் எதுவும் பொய்யில்லை என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

வேலைக்கு வந்த மெக்கானிக், அப்பாவிடம் படித்தவர். இப்போது நாற்பது வயதிருக்கும். ஆனையூர் மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா பேசும்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார். என்னைப் பாப்பா என்பார். நான் அண்ணே என்பேன். மூன்று நாள் வேலை. பழையதைக் கழற்றக் கழற்ற வரிசையாக எழுதுவது என் பொறுப்பு. எந்த இணைப்பு, என்ன அளவு, எத்தனை கிளிப் என்று ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் படமும் போட்டேன்.

"பாப்பா எழுதுறதப் பாத்தா பிரேதப் பரிசோதனை மாதிரி இருக்கு சார்," என்றார் மெக்கானிக்.

"தமிழ் எம்.ஏ.ப்பா. ஒத்தெழுத்து விடாது," என்றார் அப்பா.

முதல் நாள் ஹோஸ்களை இறக்கினோம். வெளியே கறுப்பாக, உறுதியாகத் தெரிந்த ஒன்றை மெக்கானிக் நீளவாக்கில் பிளேடால் கீறித் திறந்தார். உட்சுவர் கண்மாயில் காய்ந்த கரம்பை மண் போல வெடித்துச் செதில் செதிலாக வந்தது. விரலால் தொட்டதும் கரி ஒட்டியது. "இம்புட்டு நாள் இது எப்புடி சார் தாங்குச்சு?" என்று கேட்டுவிட்டு, இணைப்புகளில் அப்பியிருந்த சோப்பைப் பார்த்து அவரே பதிலும் தெரிந்துகொண்டார். சில இடங்களில் சோப்பு பழுத்து மஞ்சளாகியிருந்தது. சில இடங்களில் கொழகொழவென்று இளகி வழிந்திருந்தது. இளகிய இடங்களைப் பார்த்து நாங்கள் மூவரும் ஏதாவது யோசித்திருக்க வேண்டும். நான் நோட்டில் "சோப்பு: ஆறு இடம்" என்று எழுதியதோடு சரி.

இரண்டாம் நாள், காரின் அடித்தளத்தை ஒட்டிப் பின்னாலிருந்து முன்னால் ஓடும் உலோகக் குழாயை மாற்றினார்கள். மதுரை வெளி வீதியிலுள்ள உதிரிபாகக் கடைக்கு அப்பாவும் நானும் போய் எத்தனாலுக்குத் தாங்கும் புது ஹோஸைக் கேட்டு வாங்கிவந்தோம். பழைய கிளிப்புகள் திருகத் திருக ஹோஸை அறுப்பவை என்பதால், விளிம்பு மடங்கிய புதுக் கிளிப்புகளும் வாங்கினோம். பெட்ரோல் கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் நடுவே துளையுள்ள போல்ட் ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் வளையம் போன்ற ஒவ்வொரு செம்பு வாஷர். ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு, இரண்டுக்கும் நான்கு. செம்பு மெத்தென்று நசுங்கி இடுக்கை அடைப்பதால் அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். நோட்டில் "வாஷர்: நான்கு" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் கடைசி இணைப்பைப் பொருத்தும்போது நான்காவது வாஷர் மெக்கானிக்கின் எண்ணெய் விரலிலிருந்து நழுவி என்ஜின் இடுக்கில் ஓர் ஒலி எழுப்பிவிட்டு எங்கோ போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடினோம். காந்தம் செம்பைப் பிடிக்காது. கடைகள் இனித் திங்கட்கிழமைதான் முழுதாகத் திறக்கும்.

"பழைய வாஷரைப் போட்டு இன்னைக்கு முடிச்சுருவோம் சார். திங்கக்கெழம புதுசு வாங்கியாந்து மாத்திருவேன்."

போட்டார். பெட்ரோலை ஏற்றியதும் அந்த இணைப்பில் ஒரு மெல்லிய ஈரம் மினுங்கியது. அப்பா டாஷ்போர்டு அறையைத் திறந்து சோப்பை எடுத்துவந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். "ரெண்டு நாளுக்கு எதுக்கும் இருக்கட்டும்" என்றார். ஈரம் நின்றது.

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு மூணு நாளா ஜலதோசம் சார். நீங்க ஒரு தடவ மோந்து பாத்துருங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

அப்பா குனிந்தார். வலது கை மெல்ல, பழைய கச்சிதத்தோடு, மூன்று முறை காற்றை விசிறியது. கண்களை மூடிக்கொண்டார். மெக்கானிக் பள்ளிப் பையன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சுத்தம்," என்றார் அப்பா.

நான் இரண்டடி தள்ளி நோட்டோடு நின்றிருந்தேன். எனக்குப் பெட்ரோல் வாசனை தெளிவாக வந்தது. மூன்று நாள் வேலையில் சிந்தியதாக இருக்கலாம், துணியில் ஊறியதாக இருக்கலாம் என்று காரணங்கள் அடுக்கினேன். உண்மையான காரணம், அப்பாவின் மாணவர் ஒருவருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லை மறுக்க என்னால் முடியவில்லை என்பதுதான். நோட்டில் கடைசி வரியாக "வாசனை இல்லை" என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அப்பாவைக் கேட்டு எழுதியது போல அது இருந்தாலும் கையெழுத்து என்னுடையது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா திருவாதவூருக்குக் கிளம்பினார். அவரோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். புது ஹோஸ் போட்ட வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஓர் ஆசை. அம்மா வாசலில் நின்று, "போயிட்டு வாங்க. நான் கொட்டகையைக் கூட்டி வைக்கிறேன், மூணு நாளா ஒரே கந்தல்," என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். தனியாகப் போகட்டும் என்று விட மனம் வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒத்தக்கடை தாண்டும்வரை வாசனை வந்தும் போயும் இருந்தது. யானைமலை பின்னால் போய், வயல்களுக்கு நடுவே சாலை குறுகியதும் அது போகவில்லை. நாக்கில் கசப்பு தெரிந்தது. என்ஜின் சூட்டோடு கலந்த காற்று முழங்கால்வழி உள்ளே ஏறியது. அப்பா பேசிக்கொண்டே ஓட்டினார். புது ஹோஸ் போட்டதிலிருந்து வண்டி ஏற்றத்தில் திணறவே இல்லை என்றார். அந்த ஐந்தாறு நிமிடங்களில் அவருடைய முகத்தை நான் பலமுறை பார்த்தேன். நெடுநாளுக்குப் பிறகு நிம்மதியாக இருந்த முகம். பேசினால் அது போய்விடும். பேசாவிட்டால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

"இந்தா வந்துரும்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"நிறுத்துங்கப்பா. பெட்ரோல் வாசனை வருது."

அவர் வேகத்தைக் குறைத்தார். இடது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வலது கையை உயர்த்தி, இரண்டு முறை விசிறினார். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"தெரியும்ப்பா."

வாய்க்கால் ஓரமாக வண்டி நின்றது. சாவியைத் திருப்பினார். என்ஜின் அடங்கிய பின்னும் அவர் கீழே இறங்கவில்லை. நான்தான் முதலில் இறங்கினேன். பிறகு அவர் வந்து பானட்டைத் தூக்கினார். இரண்டாவது கார்புரேட்டரின் இணைப்பில் சோப்பு இல்லை. இருந்த இடத்தில் கூழ் போல வெண்மை வழிந்திருந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, விழுந்து, அடுத்தது திரண்டது. விழுந்த துளிகள் கொதிக்கும் புகைபோக்கிக் குழாய்க்கு நான்கு விரல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. நான் அளந்தேன். நான்கு விரல்தான்.

அப்பா அந்த வெண்மையை விரலால் தொட்டு உருட்டிப் பார்த்தார்.

"எத்தனால் ஆல்கஹால்தான? ஆல்கஹால்ல சோப்பு கரையும்," என்றார். "பத்தாம் கிளாஸ்ல நாந்தான் நடத்துனேன். வருசா வருசம்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"கொசுவத்தி அன்னைக்கு."

அவர் அந்த மாலையை நினைவில் தேடிப் பிடிப்பது முகத்தில் தெரிந்தது. பிடித்ததும் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு அங்க கசிஞ்சிருந்துச்சா?"

"ஆமாப்பா."

"நான் தீப்பெட்டிய..." தன் கையைப் பார்த்தார். பிறகு, "உங்கம்மாவுக்கு?" என்றார்.

"காய்ச்சல் வந்தப்பவே."

"பெருங்காயமா?"

"ஆமா."

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, "நேத்து?" என்று கேட்டார். "நேத்து நான் சுத்தம்னு சொன்னப்ப நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன். வாசனை வந்துச்சு. சொல்லலை."

எனக்காக நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. சாலையில் வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று எங்களைக் கடந்தது. ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து, "டீசல் தீந்துருச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வாயில் பீடி கனன்றது. வண்டி வளைவில் மறையும்வரை அப்பா அந்தப் பீடியையே பார்த்தார்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"கொட்டகையில வச்ச ஸ்பேனர எடுக்கப் போனேன். அம்மா குடுத்து விட்டாங்க. கொட்டகைய கூட்டும்போது கெடந்துச்சாம். வளையல் துண்டுன்னு நெனச்சு எறியப் பாத்தாங்களாம்."

நான்காவது வாஷர். எண்ணெய்ப் பிசுக்கில் கொட்டகைத் தூசு ஒட்டியிருந்தது.

அவர் வேலையைத் தொடங்குமுன் அப்பா மதகிலிருந்து எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். வகுப்பில் நுழைவதற்கு முன் அவர் அப்படிச் செய்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ஏப்பா, எனக்கு மூக்கு போயி ரொம்ப நாளாச்சு. எந்த வாசனையும் தெரியாது. நேத்து நீ கேட்டப்ப நான் சும்மா சொன்னேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார்.

"நானும் ஜலதோசம், நீங்களும் இப்புடி. நல்லாச் சேந்தோம் சார்," என்றார். குரல் விளையாட்டாகத் தொடங்கி நடுவில் கனத்துவிட்டது. "நான் கைய வச்சுப் பாத்துருக்கணும். நீங்க சொல்லிட்டீங்கன்னு விட்டுட்டேன்."

"அதான் தப்பு," என்றார் அப்பா. "யாரு சொன்னாலும் விடக் கூடாது." பிறகு, "நான் சொன்னதும் தப்பு," என்றார்.

பழைய வாஷரைக் கழற்றி, இணைப்பைத் துணியால் துடைத்து, மிச்சமிருந்த சோப்பை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுத்தார்கள். புது வாஷரை வைத்து மெக்கானிக் மெல்ல முறுக்கினார். வழிந்த பெட்ரோல் காயும்வரை வெயிலில் காத்திருந்தோம். மதுரை வெயிலில் பெட்ரோல் தடமே இல்லாமல் பறந்துவிடும். கண்ணால் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு பம்பை இயக்கிக் குழாயில் பெட்ரோலை ஏற்றினார். மெக்கானிக் இணைப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் காரைவிட்டு விலகி நின்றார்கள்.

"நீ பாரும்மா," என்றார் அப்பா.

நான் குனிந்தேன். முகத்தை அருகே கொண்டுபோகாமல், அவர் செய்வது போலவே சற்றுத் தள்ளி நின்று கையை விசிறினேன். சூடான இரும்பு, வாய்க்கால் சேறு, மெக்கானிக்கின் துணியிலிருந்து மண்ணெண்ணெய். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அவற்றுக்கு அடியில் இன்னும் ஒரு மெல்லிய இழை இருந்தது.

"இருக்கு," என்றேன். "கொஞ்சமா."

யாரும் மறுக்கவில்லை. மெக்கானிக் துணியைத் தூர எறிந்துவிட்டு இன்னொரு கால் சுற்று முறுக்கினார். மறுபடி காயவிட்டோம். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்போரம் நின்றார். அவசரப்படுத்தவில்லை. மறுபடி குனிந்தேன். இம்முறை அவசரமே இல்லாமல், மூன்று இடத்தில் தனித்தனியாகப் பார்த்தேன். இரும்பும் சேறும் இருந்தன. அது இல்லை. இருந்தும் நான்காவது முறையும் பார்த்தேன்.

"இப்ப இல்லப்பா."

அப்பா டாஷ்போர்டு அறையைத் திறந்தார். சோப்புத் துண்டை எடுத்து வாய்க்காலில் இறங்கிக் கையில் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டார். கழுவி முடித்து அதை மதகின் மேலேயே வைத்துவிட்டு வந்தார். மறந்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

திருவாதவூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உடல்நலமில்லாத ஆசிரியர், "புது டியூப் போட்டியாமே, வண்டி எப்புடிப் போகுது?" என்று கேட்டார்.

"பொண்ணு சரின்னு சொன்னாப் போகும்," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, சனிக்கிழமை எழுதிய கடைசி வரியை அடித்தேன். அழிக்கவில்லை, படிக்கும்படி ஒரே ஒரு கோடுதான் போட்டேன். அதன் கீழே, வாசனை இருந்தது என்று எழுதினேன்.